லினக்ஸில் புதிய ஹார்ட் டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல்

லினக்ஸ் இயங்கும் கணினியில் கூடுதலாக மாட்டிய ஹார்ட் டிஸ்க், கோப்புகளைச் சேமிக்கும் நிலைக்கு வர நான்கு படிகளைக் கடக்க வேண்டும். முதலில் கர்னல் அந்த வட்டைக் கண்டுகொள்ள வேண்டும். பிறகு வட்டில் பிரிவு அட்டவணை எழுதப்பட வேண்டும். பிரிவுக்குள் ஒரு கோப்பு முறைமை அமைய வேண்டும். கடைசியாக அந்தக் கோப்பு முறைமை கணினியின் கோப்பக மரத்தில் ஓரிடத்தில் இணைய வேண்டும். இதற்கு மவுன்ட் செய்தல் என்று பெயர். எஸ்எஸ்டி வகை வட்டுக்கும் இதே வழிதான். ‘புது டிஸ்க் வரவே இல்லை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இந்த நான்கில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தப் படியில் வேலை நின்றது என்று பார்க்காமல் கட்டளைகளை மாற்றி மாற்றி இடுவதுதான் புதியவர்களின் நேரத்தைப் பறிக்கிறது. சில சமயம் வட்டில் இருப்பதையும் பறித்துவிடுகிறது.

ஒரே மரம்

விண்டோஸில் ஒவ்வொரு வட்டுப் பிரிவுக்கும் சி, டி, இ என்று ஓர் எழுத்து கிடைக்கும். சிபி/எம் இயங்குதளத்திலிருந்து டாஸுக்கும், டாஸிலிருந்து விண்டோஸுக்கும் வந்த வழக்கம் அது. லினக்ஸில் அப்படி எழுத்துகள் கிடையாது. சாய்கோடு ஒன்றால் குறிக்கப்படும் வேர்க் கோப்பகத்திலிருந்து எல்லாம் கிளை பிரிகின்றன. புதிய வட்டு தனி மரமாக நிற்பதில்லை. இருக்கும் மரத்தின் ஏதோ ஒரு கோப்பகத்தில் ஒட்டுக் கிளையாகச் சேர்கிறது.

இந்த ஏற்பாடு யூனிக்ஸிலிருந்து வந்தது. டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் யூனிக்ஸைப் பற்றி 1974இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இது விளக்கப்பட்டிருக்கிறது. பெல் ஆய்வகத்தின் பிடிபி-11 கணினியில் வேர்க் கோப்பகம் ஒரு வட்டில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் வேறொரு பெரிய வட்டில் இருந்தன; கணினி தொடங்கும்போது அது மரத்தோடு இணைக்கப்பட்டது. இதைத் தவிர, பயனர்கள் தங்கள் சொந்த வட்டுத் தொகுதிகளைக் கையால் மாட்டிக்கொள்ளச் சிறிய வட்டு இயக்கிகளும் இருந்தன. மவுன்ட் என்ற சொல் அன்று கைவேலையையும் குறித்தது. இன்று வட்டைத் திருகி மூடிய பிறகும் அதே சொல்லில் இன்னொரு கட்டளை இட வேண்டியிருப்பது ஏன் என்பது இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும்.

கர்னல் வட்டைக் காணுதல்

சாட்டா வட்டுக்கு இரண்டு கேபிள்கள் தேவை: தரவுக்கு 7 முனைகள் உள்ள மெல்லிய கேபிள், மின்சாரத்துக்கு 15 முனைகள் உள்ள அகலமான கேபிள். இவற்றில் ஒன்று சரியாக உட்காராமல் இருப்பதே பெரும்பாலும் முதல் காரணம். பயாஸ் திரையிலேயே வட்டு தெரியவில்லை என்றால் லினக்ஸில் எந்தக் கட்டளையும் உதவாது. கேபிளைத்தான் பார்க்க வேண்டும். யூஎஸ்பி பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த சில 3.5 அங்குல வட்டுகள் பழைய மின்வழங்கியில் சுழலவே தொடங்காது. சாட்டாவின் பிந்தைய பதிப்பில் மூன்றாவது மின்முனைக்கு, வட்டை அணைத்து வைக்கும் வேலை தரப்பட்டது. பழைய மின்வழங்கிகளோ அதே முனையில் 3.3 வோல்ட் செலுத்திக்கொண்டே இருக்கும். வட்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்பும் முன் இதைச் சோதிப்பது நல்லது.

எம்.2 துளையில் மாட்டும் வட்டுகளில் வேறு சிக்கல் உண்டு. பல மதர்போர்டுகளில் எம்.2 துளை நிறைந்தால் சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாது. மதர்போர்டின் கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கும். பயாஸில் வட்டுக் கட்டுப்பாட்டி ரெய்டு நிலையில் இருந்தாலும் சில கணினிகளில் என்விஎம்இ வட்டு லினக்ஸின் கண்ணுக்குப் படாது. அதை ஏஹெச்சிஐ நிலைக்கு மாற்றினால் வந்துவிடும். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், விண்டோஸைத் தயார்ப்படுத்தாமல் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. செய்தால் அது தொடங்காமல் போகலாம்.

கர்னல் கண்ட வட்டுகளுக்கு ‘டெவ்’ கோப்பகத்தில் பெயர் கிடைக்கிறது. முதல் சாட்டா வட்டு எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. எஸ்டி என்பது ஸ்கசி டிஸ்க் என்பதன் சுருக்கம். சாட்டா, யூஎஸ்பி வட்டுகளையும் கர்னல் ஸ்கசி அடுக்கின் வழியே கையாள்வதால் அவற்றுக்கும் அதே பெயர். என்விஎம்இ வட்டின் பெயர் என்விஎம்இ0என்1 என்பது போல நீளும். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை எல்லா வட்டுகளையும் அவற்றின் பிரிவுகளையும் கிளைப்படமாகக் காட்டும். அதில் புதிய வட்டு வரவில்லை என்றால், ‘டிமெசேஜ்’ காட்டும் கர்னல் செய்திகளில் இணைப்புப் பிழை ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று தேடலாம்.

வாங்கிய 4 டெராபைட் வட்டு இங்கே 3.6 என்று தெரிவது பலரைத் திடுக்கிட வைக்கிறது. எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டைப் பத்தின் பன்னிரண்டாம் அடுக்காக எண்ணுகிறார். கட்டளையோ 1024இன் நான்காம் அடுக்கால் வகுக்கிறது. இந்த இரண்டாம் அளவுக்கு டெபிபைட் என்று தனிப்பெயர் உண்டு. கிபி, மெபி போன்ற முன்னொட்டுகள் 1998இல் வகுக்கப்பட்டபோது பிறந்த பெயர் அது.

எந்த வட்டு என்று உறுதிசெய்தல்

இந்த வேலை முழுவதிலும் திருத்த முடியாத தவறு ஒன்றே ஒன்றுதான்: இருக்கும் வட்டைப் புதியது என்று நினைத்துப் பிரிவு அட்டவணையை எழுதிவிடுவது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வட்டின் மேல் ஒட்டிய முத்திரைகள் அல்ல. கர்னல் எந்த வரிசையில் வட்டுகளைக் கண்டதோ அந்த வரிசையில் விழும் பெயர்கள் அவை. அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது இரண்டும் இடம் மாறலாம். நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்றும் எஸ்டிபிதான் என்று நம்பி மறுநாள் கட்டளை இடுவது ஆபத்து.

நம்பத்தக்க அடையாளம் வட்டின் வரிசை எண். பொருத்தும் முன் வட்டின் ஒட்டுத்தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், வரிசை எண் ஆகிய பத்திகளையும் காட்டச் சொன்னால் இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம். ஒரே அளவில், ஒரே மாடலில் இரண்டு வட்டுகள் உள்ள கணினியில் இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. இந்த ஒரு நிமிடம் அடுத்து வரும் எல்லாப் படிகளையும்விட மதிப்புள்ளது.

பிரிவு அட்டவணை

பழைய எம்பிஆர் அட்டவணை 1983இல் பிசி டாஸ் 2.0உடன் வந்தது. முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் அதில் இடமில்லை. செக்டார் எண்ணை 32 பிட்டில் எழுதுவதால், 512 பைட் செக்டார்கள் உள்ள வட்டில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு அப்பால் அதற்கு எட்டாது. 4 டெராபைட் வட்டில் பாதி காணாமல் போனதாகத் தோன்றினால் அது எம்பிஆர் அட்டவணையின் வேலையாக இருக்கும். புதிய வட்டுக்கு ஜிபிடி அட்டவணையே ஏற்றது. வழக்கமாக 128 பிரிவுகளுக்கு அதில் இடம் உண்டு. அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் எழுதப்படுவதால் முதல் பகுதி சேதமானாலும் மீட்கலாம்.

‘எஃப்டிஸ்க்’, ‘பார்ட்டெட்’ இரண்டும் இதற்கான கருவிகள். இவற்றின் குணம் வேறு. எஃப்டிஸ்க்கில் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில்தான் இருக்கும். டபிள்யூ என்று தட்டினால் மட்டுமே வட்டில் எழுதப்படும், க்யூ தட்டினால் ஒன்றும் நடவாததுபோல் வெளியே வந்துவிடலாம். பார்ட்டெட்டில் சொன்ன மாற்றம் சொன்னவுடன் எழுதப்பட்டுவிடுகிறது. முதல் முறை செய்பவருக்கு எஃப்டிஸ்க்கையே பரிந்துரைக்கலாம். அதில் ஜி தட்டினால் புதிய ஜிபிடி அட்டவணை, என் தட்டினால் புதிய பிரிவு. தொடக்கம், முடிவு பற்றிய கேள்விகளுக்கு என்டர் மட்டும் அழுத்தினால் வட்டு முழுவதும் ஒரே பிரிவாகும். பிரிவு 2048ஆம் செக்டாரில், அதாவது ஒரு மெபிபைட் தள்ளித் தொடங்கும். உள்ளே 4096 பைட் செக்டார்களைக் கொண்ட இன்றைய வட்டுகளில் எழுதும் வேகம் குறையாதிருக்க இந்த ஒழுங்கு உதவுகிறது.

கோப்பு முறைமை

லினக்ஸ் 1991இல் தொடங்கியபோது மினிக்ஸின் கோப்பு முறைமையைக் கடன் வாங்கியது. 64 மெகாபைட்டுக்கு மேல் அது தாங்காது. 1992இல் ரெமி கார்டு எக்ஸ்ட் என்பதையும், 1993இல் அதன் அடுத்த வடிவமான எக்ஸ்ட்2ஐயும் தந்தார். எழுதவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் பதியும் முறை எக்ஸ்ட்3இல் வந்தது. 2008இல் கர்னல் 2.6.28இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 இன்றும் பல வெளியீடுகளின் இயல்புத் தேர்வு. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவையும் நல்லவை. குறிப்பான தேவை இல்லாதவருக்கு எக்ஸ்ட்4 போதும். விண்டோஸுக்கும் எடுத்துச் செல்ல வேண்டிய வட்டுக்கு எக்ஸ்ஃபேட் வசதி, ஆனால் யூனிக்ஸ் உரிமையாளர் விவரங்களும் அனுமதிகளும் அதில் நிற்காது.

‘எம்கேஎஃப்எஸ்’ கட்டளையைப் பிரிவின் பெயருக்கு, அதாவது எஸ்டிபி1க்கு, இட வேண்டும். எண் இல்லாமல் எஸ்டிபிக்கு இட்டாலும் வேலை செய்யும். ஆனால் சற்றுமுன் எழுதிய பிரிவு அட்டவணை அழிந்துபோகும்.

எக்ஸ்ட்4 பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருந்தால் வீண் கவலை குறையும். கொள்ளளவில் 5 விழுக்காட்டை அது ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. வேர்க் கோப்பகம் உள்ள வட்டுக்கு இது பாதுகாப்பு. படமும் பாட்டும் வைக்கும் 4 டெராபைட் வட்டிலோ 200 கிகாபைட் சும்மா கிடக்கும். ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் இதை ஒரு விழுக்காடாகவோ சுழியாகவோ குறைக்கலாம். இன்னொன்று, ஃபார்மட் முடிந்து மவுன்ட் செய்த பிறகும் காலியான வட்டு நெடுநேரம் ஓசையிட்டுக்கொண்டிருக்கும். ஐநோடு அட்டவணைகளைக் கர்னல் பின்னணியில் மெல்ல நிரப்பும் ஓசை அது, வட்டில் குறையில்லை.

மவுன்ட் செய்தல்

காலியான கோப்பகம் ஒன்றை உருவாக்கி அதன்மேல் பிரிவை மவுன்ட் செய்ய வேண்டும். தற்காலிக இணைப்புக்கு ‘எம்என்டி’, கழற்றக்கூடியவற்றுக்கு ‘மீடியா’ என்பது மரபு. நிரந்தர வட்டுக்கு ‘டேட்டா’ என்று வேரிலேயே ஒரு கோப்பகம் வைத்தாலும் தவறில்லை. அந்தக் கோப்பகத்தில் ஏற்கெனவே கோப்புகள் இருந்தால் அவை மறைந்துவிடும். அழியாது, வட்டைக் கழற்றியதும் மீண்டும் தெரியும்.

மவுன்ட் ஆன பிறகும் கோப்பை நகலெடுக்க விடாமல் அனுமதி மறுக்கப்பட்டது என்று செய்தி வருவது வழக்கமான தடை. புதிய எக்ஸ்ட்4இன் மேல் கோப்பகம் ரூட்டுக்கு உரியது என்பதே காரணம். வட்டை மவுன்ட் செய்த நிலையில் ‘சிஹெச்ஓன்’ கட்டளையால் அதை நம் பயனர் பெயருக்கு மாற்ற வேண்டும். மவுன்ட் செய்யும் முன் மாற்றினால் அடியில் கிடக்கும் வெற்றுக் கோப்பகத்தின் உரிமையாளர்தான் மாறுவார், பலன் இராது. எல்லோருக்கும் 777 அனுமதி கொடுத்துவிடும் குறுக்குவழி பரவலாக இருக்கிறது. அது வேண்டாம்.

எஃப்எஸ்டேப்

இப்படிச் செய்த இணைப்பு கணினியை அணைத்தால் போய்விடும். ஜினோம் போன்ற மேசைச் சூழல்களில் வட்டின் படத்தைச் சொடுக்கினால் மவுன்ட் ஆகும், ஆனால் யாரும் உள்நுழையும் முன்பே தொடங்கிவிடும் சேவைகளுக்கு அது உதவாது. நிரந்தரமாக இணைய, ‘எட்சி’ கோப்பகத்தில் உள்ள ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வரியில் ஆறு புலங்கள்: வட்டின் அடையாளம், மவுன்ட் இடம், கோப்பு முறைமை வகை, விருப்பங்கள், ‘டம்ப்’ காப்புக் கருவிக்கான எண், தொடக்கச் சோதனையின் வரிசை. ஐந்தாவதற்கு 0, ஆறாவதற்கு 2 என்று எழுதுவது வழக்கம். சோதனை வரிசையில் 1 வேர்க் கோப்பகத்துக்கு உரியது.

முதல் புலத்தில் எஸ்டிபி1 என்று எழுதக் கூடாது; இடம் மாறும் பெயர் அது. கோப்பு முறைமை உருவானபோதே பெற்ற 128 பிட் எண்ணான யூயூஐடியை எழுத வேண்டும். ‘பிஎல்கேஐடி’ கட்டளை அதைக் காட்டும். பக்கத்திலேயே பார்ட்யூயூஐடி என்ற இன்னோர் எண்ணும் தெரியும். அதை எடுத்து யூயூஐடி என்ற இடத்தில் ஒட்டினால் மவுன்ட் ஆகாது. மீண்டும் ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும் என்பதால் வரியையும் மாற்ற வேண்டும்.

விருப்பங்களில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்ப்பதைக் கட்டாயமாகவே கொள்ளலாம். அது இல்லாமல் வட்டு கழன்றுபோனாலோ எண்ணில் ஓர் எழுத்து பிழையானாலோ, சிஸ்டம்டி உள்ள கணினி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். ரூட் கடவுச்சொல் வைக்கப்படாத வெளியீடுகளில் அங்கிருந்து உள்ளே நுழைவதும் கடினம். யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸைத் தொடங்கித்தான் வரியைத் திருத்த வேண்டியிருக்கும். அதனால் கோப்பைச் சேமித்தவுடன் ‘ஃபைண்ட்மவுன்ட்’ கட்டளையின் சரிபார்க்கும் விருப்பத்தையும், எல்லாவற்றையும் மவுன்ட் செய்யும் ‘மவுன்ட் -ஏ’ கட்டளையையும் இட்டு, பிழை வராததைக் கண்ட பிறகே கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

நோஃபெயில் கொண்டுவரும் ஆபத்து ஒன்றும் உண்டு. வட்டு இணையாமலே கணினி அமைதியாகத் தொடங்கிவிடும். இரவில் ஓடும் காப்பு நிரல் வழக்கம்போல அதே கோப்பகத்தில் எழுதும். எழுதுவதெல்லாம் புதிய வட்டுக்குப் போகாமல் வேர் வட்டில் குவியும். அது நிரம்பி கணினி தடுமாறும்போதுதான் விஷயம் வெளியே வரும். இதைத் தடுக்க, வட்டு மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெற்றுக் கோப்பகத்துக்கு ‘சிஹெச்ஆட்டர்’ கட்டளையால் மாறாத் தன்மையைக் கொடுத்துவிடலாம். அதன்பின் ரூட் பயனராலும் அங்கே எழுத முடியாது. காப்பு நிரல் அன்றைக்கே பிழை காட்டிவிடும். வட்டு மவுன்ட் ஆனதும் அந்தத் தடை கீழே மறைந்துபோகும்.

வட்டைக் கழற்ற நேரும்போது முதலில் எஃப்எஸ்டேப் வரியை நீக்கி, ‘யூமவுன்ட்’ கட்டளை இட வேண்டும். பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வந்தால் ஏதோ ஒரு நிரலோ, அந்தக் கோப்பகத்தில் நிற்கும் முனையச் சாளரமோ வட்டைப் பிடித்திருக்கிறது; ‘ஃப்யூசர்’ கட்டளை அது எதுவென்று சொல்லும். அதை மூடிவிட்டுக் கணினியை அணைத்த பிறகு கேபிளை உருவலாம்.