இரும்பில் பதிந்த சாட்சியம்: வெப்லி ரிவால்வரின் முத்திரைகள்

அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கி ஒன்றைக் கண்டால், "இது இன்னும் சுடுமா?" என்றே பிள்ளைகள் கேட்பர். நாம் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய கேள்வி வேறு: இது யார் கையில் இருந்தது? யார் கைக்கு மறுக்கப்பட்டது? பிரிட்டிஷ் படையின் வெப்லி ரிவால்வர் அதற்கான விடையின் ஒரு பாதியைத் தன் உடம்பிலேயே சுமந்து நிற்கிறது.

பர்மிங்காம் நகரில் உருவான இந்தக் கைத்துப்பாக்கியை பிரிட்டிஷ் அரசு 1887ஆம் ஆண்டு தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. இதன் சுழலும் உருளையில் ஆறு தோட்டாக்கள் அடங்கும். தாழை விலக்கிக் குழலைக் கீழ்நோக்கி மடித்தால், வெற்றுத் தோட்டாக்கூடுகள் அனைத்தும் ஒருசேர வெளியே தள்ளப்படும். இதன் ஆறாம் மாதிரி, முதல் உலகப் போரின் நடுவே 1915ஆம் ஆண்டு மே மாதம் சேவைக்கு வந்தது. அதன் குழல் 6 அங்குல நீளமுடையது.

இனி முத்திரைகளைக் காண்போம். 'மார்க்' என்ற சொல்லை அடுத்து வரும் ரோம எண் மாதிரியைக் குறிக்கும். தொடர் எண் அந்த ஒரு துப்பாக்கியை மட்டும் அடையாளம் காட்டும். அகன்ற அம்பு முனை அரசுடைமைக்கான குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிர்நோக்கி நின்றால், அது படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். அவ்வாறு பிரிட்டனில் பொதுச் சந்தைக்கு வந்தவற்றில் சோதனை நிலையத்தின் முத்திரையும் சேர்ந்தது. இதே அம்புக் குறியைச் சிறைக்கைதிகளின் உடையிலும் அந்த அரசு பதித்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆயுதத்தையும் மனிதனையும் ஒரே குறியால் தன்னுடையதென்று அறிவித்த ஆட்சி அது.

விடையின் மறுபாதி இரும்பில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ், இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருக்க இயலாது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. வெப்லி படைக்கு ஏற்கப்பட்ட அதே 1887ஆம் ஆண்டு டிசம்பரில், சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதன் முதல் முஸ்லிம் தலைவரான பத்ருத்தீன் தையப்ஜி தலைமை வகித்தார். அச்சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் அங்கே நிறைவேறியது.

தீர்மானம் வேண்டியது வன்முறையை அன்று. ஒரே நாட்டில் வாழ்வோருள் ஒரு சாராரை நம்பத் தகுந்தோராகவும் மறு சாராரை ஐயத்திற்குரியோராகவும் பிரித்ததே அங்கு எழுந்த வழக்கு. துப்பாக்கியின் முத்திரை, அது எவருடைய உடைமை என்பதைச் சொல்லும். அது எவருக்கு எதிராக நின்றது என்பதை வரலாற்றில்தான் தேட வேண்டும். பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்கக் கற்றுக்கொடுப்போம்.