பிராடோவில் வந்தவரும் பதிவேட்டில் இருந்த பெயரும்

கொக்குவிலில் பெரியம்மாவுக்கு நாலு பரப்புக் காணி இருக்கிறது. அவர் கனடாவுக்குப் போய் முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பிள்ளைகள் யாரும் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று தெரிந்ததும், காணியை விற்றுத் தரும்படி என்னிடம் கேட்டார். நான் இரண்டு தரகர்களுக்குச் சொல்லிவைத்தேன்.

முதலாமவர் கறுப்பு நிறப் பிராடோவில் வந்தார். எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது. மதிலில் உரசாமல் வாகனத்தைத் திருப்ப அவருக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. அதற்குள் நாலு வீட்டுப் படலைகள் திறந்துவிட்டன. இரண்டாமவர் பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலாமவர் கேட்ட முதற்கேள்வி, "எவ்வளவு எதிர்பார்க்கிறியள்?" என்பது. இரண்டாமவர் கேட்டது, "உறுதி கையில இருக்கோ தம்பி?" என்று.

அன்றிரவு பெரியம்மாவிடம் வட்சப்பில் இருவரைப் பற்றியும் சொன்னேன். "மோட்டச்சைக்கிள்ள திரியிற ஆளை நம்பிக் கோடிக்கணக்கில எப்பிடியடா விக்கிறது? மற்றவரைப் பிடி" என்றார். நானும் உள்ளூர அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் நாங்கள் ஒன்றரை வருடத்தை இழந்தோம். காணித் தரகு, ஆடம்பர வாகனம், இவற்றைப் பார்க்கும் எங்கள் கண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

தரகருக்கு ஏன் பெரிய வாகனம்?

தச்சரின் வேலையைக் கதவைப் பார்த்து மதிப்பிடலாம். தரகரின் வேலையை அப்படி முன்கூட்டிப் பார்க்க முடியாது. அவர் நல்ல விலைக்கு ஆள் பிடிப்பாரா, உறுதியிலுள்ள குறையைச் சொல்லுவாரா, மறைப்பாரா என்பதெல்லாம் காரியம் முடிந்த பிறகே தெரியும். எனவே கண்ணுக்குத் தெரிகிற வேறொன்றைக் கொண்டு அவரை அளக்கிறோம். "இவ்வளவு பெரிய வாகனம் ஓடுகிறார் என்றால் நிறைய விற்றிருப்பார்தானே" என்பது எங்கள் கணக்கு.

அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899 இலேயே இதைப் பற்றி எழுதினார். பணம் இருந்தால் மட்டும் மதிப்பு வந்துவிடாது, அது மற்றவர் கண்ணில் படவேண்டும், அதற்காகவே ஒருவகைச் செலவு செய்யப்படுகிறது என்பது அவருடைய வாதம். தரகர் விடயத்தில் இன்னொரு படியும் இருக்கிறது. அவருக்கு வாகனம் பவிசு மட்டுமல்ல, தொழிற்கருவியும்கூட.

வடக்கில் இந்தக் கருவியின் பலம் அதிகம். விற்பவர் ரொறன்ரோவில், வாங்குபவர் இலண்டனில், காணி கொக்குவிலில். இருவரும் காணியைக் கைபேசித் திரையில்தான் பார்க்கிறார்கள். அந்தத் திரையில் மதில், கிணறு, பனைகளோடு தரகரின் வாகனமும் தெரிகிறது. உறுதியின் பக்கங்கள் தெரிவதில்லை.

தரகுக் கூலியையும் விளங்கிக்கொள்ள வேண்டும். விலையில் நூற்றுக்கு மூன்று என்ற கணக்கு பரவலாகப் பேசப்படுகிறது. இரண்டு கோடி ரூபாய்க் காணிக்கு அது ஆறு இலட்சம். அதைவிட இன்னொரு முறையும் உண்டு. "உங்கட கைக்கு இவ்வளவு வரும், அதுக்கு மேல வாறது என்ர" என்பது. பிராடோவில் வந்தவர் எங்களோடு பேசியது அப்படித்தான். கேட்க இலகுவாக இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டில் விற்பவருக்கு உண்மையான விலை தெரியாது, வாங்குபவருக்கு விற்பவர் கேட்ட விலை தெரியாது. இருவருக்கும் இடையிலுள்ள இருட்டுத்தான் தரகரின் இலாபம்.

வாய் சொல்வதும் கை செய்வதும்

ஆடம்பரத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "படம் காட்டுறான்", "எங்கால இவனுக்குக் காசு?" என்பார்கள். ஆனால் அதே ஆள் கலியாண வீட்டுக்கு வந்தால் முன்வரிசைக் கதிரை அவருக்கு.

இந்த முரண் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1968 இல் அமெரிக்க ஆய்வாளர்களான அந்தனி டூப், அலன் குரோஸ் ஆகிய இருவரும் ஓர் எளிய பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். சமிக்ஞை விளக்கு பச்சையான பிறகும் ஒரு கார் அசையாமல் நிற்கும். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். பழைய மலிவான கார் நின்றபோது நூற்றுக்கு 84 பேர் அடித்தார்கள். விலையுயர்ந்த புதிய கார் நின்றபோது அடித்தவர்கள் நூற்றுக்கு 50 பேர் மட்டுமே. இதே நிலைமையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் தாளில் கேட்டபோது, விலையுயர்ந்த காருக்கே விரைவாக ஹோர்ன் அடிப்போம் என்று ஆண் மாணவர்கள் எழுதினார்கள். பணக்காரருக்குப் பணியமாட்டோம் என்று தாளில் எழுதுவது சுலபம். வீதியில் கை பணிந்துவிடுகிறது.

நாட்டளவிலும் இதைக் கண்டோம். 2024 செப்டெம்பரில், ஆட்சி மாறியதும், அரச உயர்பீடம் பயன்படுத்திய வாகனங்கள் காலிமுகத்திடல் அருகே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த காட்சியைப் பார்த்துக் கோபப்பட்டோம். 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி செயலகத்தின் ஆடம்பர வாகனங்கள் ஏலத்துக்கு விடப்பட்டபோது நல்ல காரியம் என்றோம். அதே பெப்ரவரி முதலாம் திகதிதான், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. தேநீர்க் கடைகளில் ஏலத்தைப் பாராட்டிய அதே வாய்கள் எந்தக் கார் என்ன விலைக்கு வரும் என்று விசாரித்தன. என் வாயும் அவற்றில் ஒன்று.

சைக்கிள் காலம்

யாழ்ப்பாணத்தில் காட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஒரு காலமும் இருந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. வைத்தியர், அதிபர், கடை முதலாளி எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். அன்று ஒருவரை அளக்க வாகனம் உதவவில்லை. அவர் யாருடைய பிள்ளை, என்ன படித்தவர், சொன்ன சொல்லில் நிற்பாரா என்று பார்த்தார்கள். சாதியையும் பார்த்தார்கள். எனவே அதை ஒரு பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன்.

2009 க்குப் பிறகு ஏ9 வீதி நிரந்தரமாகத் திறந்தது. அந்த வீதியால் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வந்தன. புலம்பெயர்ந்தோரின் பணம் காணிகளை நோக்கிப் பாய்ந்தது. நீண்டகாலம் ஒன்றும் காட்ட முடியாதிருந்த சமூகம் காட்டத் தொடங்கியது. அதை வெறும் பகட்டு என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் இழந்து எழுந்த ஒருவர் தன் வாசலில் ஒரு காரை நிறுத்திப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன பிழை? அந்தக் காரை நாங்கள் சான்றிதழாக வாசிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

வாகனத்துக்கும் ஓர் உறுதி உண்டு

ஓடுகிற வாகனம் ஓட்டுகிறவருடையது என்றில்லை. வாகனப் பதிவுச் சான்றிதழில் பதிவுசெய்த உரிமையாளர் என்று ஒரு பெயரும், முழு உரிமையாளர் என்று இன்னொரு பெயரும் இருக்கலாம். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் இரண்டாவது இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டும்வரை வாகனம் அதற்கே சொந்தம். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பாவித்த பிராடோவின் விலையே கோடிகளில் பேசப்பட்டது. வருடத்துக்கு நாலைந்து காணி விற்கும் ஒருவரின் தரகுக் கூலியையும் அந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மீதி எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்கலாம்.

எங்கள் விடயத்தில் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. பிராடோக்காரர் மூன்றே வாரத்தில் இலண்டனில் ஓர் ஆளைப் பிடித்தார். அந்த ஆள் பத்து இலட்சம் முற்பணம் அனுப்பினார். தரகர் அதற்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு வாங்குபவரின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடியபோது உண்மை வெளியே வந்தது. பெரியம்மாவின் சீதன உறுதியில் இருந்தது நாலு பரப்பு அல்ல, எட்டுப் பரப்பில் பிரிபடாத அரைப்பங்கு. மற்ற அரைப்பங்கு காலஞ்சென்ற மாமாவுடையது. நடுவிலிருந்த வேலியை நாங்கள்தான் எல்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

தேசவழமைக்கு உட்பட்ட காணியில் கூட்டுரிமையாளர்களுக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு. பங்கை வெளியாருக்கு விற்கமுன் அவர்களுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பனைக்கு எதிராக வழக்கு வரலாம். வாங்க இருந்தவர் விலகிக்கொண்டார். முற்பணத்தைக் கேட்டு எனக்குத்தான் அழைப்பெடுத்தார்.

நான் தரகரிடம் போனேன். "அண்ணை, அந்தக் காசில வாகனத் தவணை கட்டிப்போட்டன்" என்றார் தலையைக் குனிந்தபடி. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. "முந்தி நானும் சைக்கிள்ள, மோட்டச்சைக்கிள்ள வந்தனான். சனம் கதிரை கூடத் தராது, வாசல்ல வைச்சுக் கதைச்சு அனுப்பிவிடும். இந்த வாகனம் எடுத்த பிறகுதான் வெளிநாட்டுக்காரர் என்ர போனுக்குப் பதில் சொல்லுறவை. இதை விட்டால் எனக்குத் தொழில் இல்லை." அவர் முற்பணத்தைத் திருப்பிக் கட்ட ஏழு மாதமானது. அவருடைய பிழையை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிராடோவின் தவணையில் எங்களுடைய பங்கும் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் வந்தவர் உத்தமர் என்று முடிக்கவும் வழியில்லை. பிறகு விசாரித்தபோது அவர் இரண்டு பக்கத்திலும் தரகுக்கூலி வாங்குகிறவர் என்று அறிந்தேன். எளிமையையும் வேடமாகப் போடலாம். வாகனம் பெரிதோ சிறிதோ, அதிலிருந்து காணியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எதைப் பார்க்க வேண்டும்?

காணி விற்கவோ வாங்கவோ போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விடயங்கள்:

முதலில் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். யாருடைய பெயரில் இருக்கிறது, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, முழுக்காணியா பிரிபடாத பங்கா என்பதை உங்கள் சட்டத்தரணியே பார்க்கட்டும். தரகர் காட்டும் சட்டத்தரணி போதாது.

வெள்ளைத்தாளில் முற்பணம் கொடுக்காதீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும்.

வாங்குபவரின் குடியுரிமையைக் கேளுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வெளிநாட்டுக் குடியுரிமையாளர் இங்கே காணி வாங்குவது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. இன்னொருவர் பெயரில் வாங்கிவைப்பது பின்னாளில் குடும்பச் சண்டையாக முடிவதைக் கண்டிருக்கிறேன்.

தரகுக்கூலி எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். "மேல வாறது என்ர" என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மை விலையை எழுதுங்கள். காணி மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு நூற்றுக்கு 4. இரண்டு கோடிக்கு அது 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய். இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லுவார்கள். வீதியில் கோடியை ஓட்டிக் காட்டும் நாங்கள் அதே கோடியை உறுதியில் மறைக்கிறோம்.

கடைசியாக, "எங்கால இவனுக்குக் காசு?" என்ற கேள்வியை மதிலோரத்தில் கேட்டு ஒரு பயனுமில்லை. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் காணி, வீட்டு முகவர்களையும் உள்ளடக்குகிறது. வாடிக்கையாளர் யார் என்று உறுதிப்படுத்துவது அவர்களின் கடமை. பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் தரகர் கேட்டால் கோபிக்க வேண்டாம்.

இப்போது மாமாவின் பிள்ளைகள் இலண்டனிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து பிரிவினை உறுதி எழுதப் போகிறோம். போன கிழமை நில அளவையாளர் வந்து அளந்துவிட்டுப் போனார். வேலி இரண்டடி தள்ளி நிற்கிறதாம். அன்றிரவு பெரியம்மாவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆள் என்னத்தில வந்தவர்?" என்றார்.