நர்ஸிங் சீட் கிடைச்சாச்சா? முதல் ஊசி உங்களுக்குத்தான்!

அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் ஏற, நீங்க நர்ஸிங் படிக்க வேலூர் பஸ் ஏறுறீங்களா? 1909-ல் ஐடா ஸ்கடர் நர்ஸ் பயிற்சி தொடங்கிய ஊர் அது.

வார்டுக்குள் போகும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முக்கியம். சின்ன வயசில் போட்டதற்கு அட்டை இல்லையா? இப்பவே டாக்டரைப் பாருங்க. வழக்கமான மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும். கடைசி நேரத்தில் ஓடினால் வேலைக்கு ஆகாது. முடித்து 1-2 மாதத்தில் ஆன்டிபாடி டெஸ்ட். பலர் கோட்டை விடுவது இங்கேதான்! ரிப்போர்ட்டில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. அம்மை தடுப்பூசி, காசநோய் பரிசோதனை பற்றியும் காலேஜில் கேட்டுக்குங்க.

அப்படியும் வார்டில் ஊசி குத்திட்டா? திட்டு விழுமேன்னு மறைக்காதீங்க. சோப்பு, தண்ணீரில் கழுவிட்டு உடனே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகணும். முதல் சில மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது.