ஏரி இருக்கிறது, இறங்கலாமா?

நீச்சல் குளத்தில் அறுபது எழுபது தடவை அலட்டிக்கொள்ளாமல் போய் வருகிற ஒருவர், ஏரியில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே திணறுவது சகஜமான விஷயம். இதற்குக் காரணங்கள் உண்டு. குளத்துத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வரை இதமாக இருக்கும். அடியில் கறுப்புக் கோடு வழி காட்டும். களைத்தால் பிடித்துக்கொள்ள சுவர் இருக்கும். ஏரியில் இது எதுவுமே கிடையாது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் நம்மைக் கேட்காமலே மூச்சு பதறும். ஓரிரண்டு நிமிடம் அமைதியாக மிதந்தால் அது அடங்கிவிடும், பயந்து கைகாலை உதறினால் ஆபத்து. கலங்கிய தண்ணீரில் அடி தெரியாது. அடிக்கடி தலையைத் தூக்கி எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கட்டிடத்தையோ பார்த்துக்கொள்ளாவிட்டால் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு வட்டமடிக்க வேண்டியதுதான்!

இந்தப் பழக்கமெல்லாம் குளத்தில் வராது. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க விரும்புகிறவர், 16 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் தொடர்ந்து ஆறு மணி நேரம் நீந்திக் காட்டிய பிறகுதான் அனுமதி பெற முடியும். டிரையத்லான் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கும் திறந்த நீர்ப் பயிற்சி அவசியம். ஆனால் வேலைக்குப் போகிற ஒருவர் தினமும் கடலுக்கு ஓட முடியுமா? பக்கத்திலேயே, காலையில் நீந்திவிட்டு ஆபீசுக்குப் போகிற தூரத்தில், ஒரு ஏரி வேண்டும்.

லண்டன்காரர்களுக்கு அப்படிப்பட்ட ஏரிகள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஏரியைக் கண்டுபிடிப்பது எப்போதுமே பிரச்னையாக இருந்ததில்லை. அதில் இறங்க யார் அனுமதிப்பது, ஏதாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு என்பதுதான் பிரச்னை.

ராணிக்காக வெட்டிய ஏரி

லண்டன் ஹைட் பார்க்கில் உள்ள செர்பன்டைன் ஏரி இயற்கையானது அல்ல. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி கரோலின் ராணியின் விருப்பப்படி, 1730ல் வெஸ்ட்போர்ன் என்ற சிற்றாற்றை மறித்து உருவாக்க ஆரம்பித்தார்கள். பரப்பளவு சுமார் 40 ஏக்கர். வடிவத்தில் பாம்பு போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அழகுக்காக வெட்டிய ஏரியே தவிர, குளிப்பதற்காக அல்ல.

ஆனால் தண்ணீர் இருந்தால் மனிதன் சும்மா இருப்பானா? கோடையில் குளிக்க வந்தவர்களும், குளிர்காலத்தில் உறைந்த பனி மேல் சறுக்க வந்தவர்களும் மூழ்குவது வழக்கமாயிற்று. மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே 1774ல் தொடங்கப்பட்ட ராயல் ஹியூமேன் சொசைட்டி, 1794ல் இந்த ஏரிக்கரையில் ஒரு மீட்பு நிலையம் கட்டியது. அதற்கு இடம் கொடுத்தவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். 'தடை' என்று பலகை வைப்பதற்குப் பதிலாக, காப்பாற்ற ஆள் வைக்கலாம் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்த தொல்லை அழுக்கு. லண்டன் வளர வளர வெஸ்ட்போர்ன் ஆறு சாக்கடையாக மாறியது. 1834ல் அந்த ஆற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டு, தேம்ஸ் நதியிலிருந்து பம்பு வைத்து ஏற்றினார்கள். 1864ல் செர்பன்டைன் நீச்சல் கிளப் பிறந்தது. இன்றும் சனிக்கிழமை காலைகளில் இவர்களுக்குப் போட்டி உண்டு. கிறிஸ்துமஸ் அன்று காலை நடுங்கும் குளிரில் 100 கஜம் நீந்துகிற பந்தயத்துக்கு, 'பீட்டர் பேன்' நாடகத்தை எழுதிய ஜே.எம். பாரி 1904ல் கோப்பை கொடுத்தார். பந்தயத்துக்குப் பெயரே பீட்டர் பேன் கோப்பை ஆகிவிட்டது.

எல்லோருக்கும் ஒரு கரை

இதில் ஒரு குறை இருந்தது. அதிகாலையிலும் மாலையிலும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், ஆண்கள் இறங்கலாம். பெண்களும் குழந்தைகளும் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பணக்காரர்கள் கோடையில் கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்கள். கிழக்கு லண்டன் தொழிலாளி குடும்பத்தோடு எங்கே போவான்?

1929ல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது பூங்காக்களுக்குப் பொறுப்பான அமைச்சராக ஜார்ஜ் லான்ஸ்பரி வந்தார். கிழக்கு லண்டன் ஏழைகளுக்காகச் சிறைக்குக்கூடப் போய் வந்தவர் இவர். செர்பன்டைன் கரையில் ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து குளிக்க ஓர் இடத்தை 1930ல் திறந்தார். ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரிலா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். மக்களோ அதற்கு 'லான்ஸ்பரியின் லைடோ' என்று செல்லப் பெயர் வைத்துக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

நகரத்தின் வடக்கே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பகுதியில் கதை கொஞ்சம் வேறு. அங்குள்ள குளங்கள் லண்டனுக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்டவை. பிற்காலத்தில் அந்த உபயோகம் முடிந்துபோக, நீச்சல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆண்களுக்கான குளம் 1893ல் திறந்தது. பெண்களுக்கென்று தனிக் குளம் வர 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபாலரும் நீந்தும் கலப்புக் குளமும் ஒன்று உண்டு.

ஒரு பாய்ச்சல், ஒரு வழக்கு

ஆக, அனுமதிப் பிரச்னை ஒருவாறு தீர்ந்தது. அடுத்து வந்தது பொறுப்புப் பிரச்னை. இதற்கு லண்டனை விட்டு, வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள செஷயருக்குப் போக வேண்டும். மணல் அள்ளிய பழைய குவாரியில் தண்ணீர் நிறைந்து உருவான ஏரி ஒன்று அங்குள்ள பிரெரெட்டன் ஹீத் பூங்காவில் இருந்தது. மணல் கரை வேறு இருந்ததால் கடற்கரை மாதிரி கூட்டம் சேரும். 'ஆபத்தான தண்ணீர், நீந்தக் கூடாது' என்று பலகை வைத்திருந்தார்கள். யார் கேட்டார்கள்?

1995 மே மாதம், ஒரு வெயில் நாளில், 18 வயது இளைஞர் ஒருவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி முன்னால் பாய்ந்தார். தலை மணலில் மோதி, கழுத்து எலும்பு முறிந்தது. கைகால்கள் செயலிழந்தன. இடத்தின் சொந்தக்காரரான உள்ளாட்சி மன்றம் போதிய பாதுகாப்பு செய்யவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார். முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் அவர் மேலும் தவறு உண்டு என்று நஷ்ட ஈட்டில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தார்கள்.

வணிகச் சட்டம் படிப்பவர்களுக்கு இதன் விளைவு சுலபமாகப் புரியும். ஒரு முதலாளி கணக்குப் போடுவது போல உள்ளாட்சிகளும் கணக்குப் போடும். ஏரியைத் திறந்து வைத்தால் வருமானம் இல்லை, வழக்கு வந்தால் லட்சக்கணக்கான பவுண்டு செலவு. அப்படியானால் மூடிவிடுவதுதான் லாபம்! அந்தப் பூங்காவிலும் அதுதான் நடந்தது. மணல் கரை மேல் மண்ணைக் கொட்டி நாணல் நட்டு, யாரும் இறங்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

2003 ஜூலை 31 அன்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பை மாற்றினார்கள். மன்றம் பொறுப்பல்ல என்று சொன்னார்கள். ஆழமில்லாத தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்தால் அடிபடும் என்பது வயது வந்த யாருக்கும் தெரிந்த விஷயம். எச்சரிக்கையை மீறும் சிலருக்காக, கரையில் ஒழுங்காகப் பொழுதுபோக்குகிற குடும்பங்களிடமிருந்து ஏரியைப் பறிப்பது நியாயம் ஆகாது என்பது ஹாஃப்மன் பிரபுவின் வாதத்தின் சாரம். அந்த இளைஞரின் வாழ்க்கையை நினைத்தால் மனது கனக்கிறது. சட்டம் அவருக்கு ஒன்றுமே தரவில்லை. ஆனால் அவருக்குத் தந்திருந்தால் நாட்டில் பல ஏரிகளுக்கு வேலி வந்திருக்கும் என்பதும் உண்மை.

விடியற்காலை நீச்சலும் நீதிமன்றமும்

இரண்டே வருடத்தில் இதே கேள்வி ஹாம்ப்ஸ்டெட்டில் எழுந்தது. குளிர்கால நீச்சல் கிளப் ஒன்று, உயிர்காப்பாளர் வருவதற்கு முன்பே, விடியற்காலையில் கலப்புக் குளத்தில் நீந்த அனுமதி கேட்டது. எங்களை நாங்களே கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். குளங்களை நிர்வகிக்கும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் மறுத்தது. அனுமதித்த பின் யாராவது மூழ்கினால், 1974ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தங்கள் மேல் கிரிமினல் வழக்கு வரும் என்பது அவர்கள் பயம்.

2005 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நீச்சல்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆபத்தைத் தெரிந்துகொண்டு, தானாக விரும்பி இறங்குகிற பெரியவர்களுக்கு அனுமதி கொடுப்பது குற்றமாகாது என்றார் நீதிபதி. அதே வருடத்தில் குளங்களுக்குக் கட்டணமும் வந்தது. 2020ல் அது கட்டாயமாக்கப்பட்டது. உரிமை ஒரு கையில் கிடைக்க, பில் மறு கையில் வந்தது!

ராணியின் ஏரியில் ஒலிம்பிக்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் திறந்த நீர் நீச்சலை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் செர்பன்டைன்தான். ஆறு சுற்று, மொத்தம் 10 கிலோமீட்டர். பெண்கள் பிரிவில் ஹங்கேரியின் ஏவா ரிஸ்டோவ், ஆண்கள் பிரிவில் துனிசியாவின் உசாமா மெலூலி தங்கம் வென்றார்கள். மெலூலி 2008ல் பெய்ஜிங் நீச்சல் குளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கியவர். குளத்திலும் திறந்த நீரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள் அவர்தான். டிரையத்லான் வீரர்கள் நீந்தியதும் இதே ஏரியில்.

பிரிட்டனில் பழைய குவாரி ஏரிகள் பலவற்றில் இன்று மிதவை கட்டி, பாதை குறித்து, காப்பாளரை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு நீச்சல்காரர்களை விடுகிறார்கள். ஒரு காலத்தில் வேலி போட நினைத்த தண்ணீர், இப்போது வருமானம் தருகிறது.

ஆனால் தீர்ப்புகள் தண்ணீரின் குளிரைக் குறைத்துவிடவில்லை. குவாரி ஏரியின் கரை திடீரென்று ஆழமாக இறங்கும். வெயில் நாளில் மேலே வெதுவெதுப்பு, இரண்டு மீட்டர் கீழே உறைய வைக்கும் குளிர். நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான்: பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்துங்கள். அதன் மறுபக்கம், பெரியவர்களும் பெரியவர்களாக நடந்துகொள்ள வேண்டும். தனியாக இறங்கக் கூடாது, ஆழம் தெரியாமல் பாயக் கூடாது, உடம்பு நடுங்க ஆரம்பித்தால் வெட்கப்படாமல் கரையேற வேண்டும். நூற்றைம்பது வருடமாக கிளப்காரர்களும் ஒரு அமைச்சரும் சில நீதிபதிகளும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த உரிமை, அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சுவது அந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகளில்தான் இருக்கிறது.