குதிரைத் தீனியும் கொங்குச் சோறும்

கொங்கு நாட்டு வீடொன்றில் வெளியூர் விருந்தினரை உட்காரவைத்து, சுடுசோற்றின்மேல் கடைந்த கொள்ளுப் பருப்பை இட்டு, நல்லெண்ணெய் வார்த்தால், அவர் முதலில் கேட்பது, “இது குதிரை தின்பதன்றோ?” என்பதுதான். நான் கல்லூரியில் பயின்ற நாளில் விடுதித் தோழர்கள் இதனையே கேட்டு நகைத்ததுண்டு. எங்கள் பக்கத்து மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொள்ளுப் பொடியைப் பெட்டிக்குள் மறைத்துவைத்து உண்பார். அந்த நாணம் எங்கிருந்து வந்தது என்பதையே இன்று சற்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கே மலைத்தொடர் அரணாக நிற்பதால் தென்மேற்குப் பருவக்காற்று மலையாள நாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறுங்காற்றாய்க் கோவைக்கு வருகிறது. கோவைச் சமவெளியில் ஆண்டுக்கு 60 முதல் 70 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது நல்ல ஆண்டு. இந்நாட்டு உழவர் வழக்கில் ‘காடு’ என்பது மரம் அடர்ந்த வனத்தைக் குறிப்பதன்று; மழையை நம்பி விதைக்கும் புன்செய்யே காடு. கிணறு தோண்டிக் கவலை கட்டி நீர் இறைத்தால் அது தோட்டம். காட்டில் கம்பும் சோளமும் சாமையும் கொள்ளும் விளைந்தன. ஆற்றோரம் தவிர மற்ற ஊர்களில் நெல்லுச் சோறு என்பது நோன்புக்கும் விருந்துக்கும் உரியது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, அதாவது 1800இல், இந்நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் இப்பயிர்களையே ஊர் ஊராகக் குறித்துவைத்தார். அவருடைய பயண நூல் 1807இல் வெளிவந்தது.

இனி, கொள்ளு. இது வெளியிலிருந்து வந்த பயிர் அன்று. தென்னிந்தியாவின் புதிய கற்கால மக்கள், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனைப் பயிரிட்டனர் என்பதற்குக் கருநாடகப் பகுதியின் அகழாய்வுகளில் கிடைத்த கரிந்த விதைகள் சான்று. குதிரைப்படைகள் பெருகியது மிகப் பிற்காலத்தில். சென்னை மாகாணத்தில் வெள்ளையர் தம் குதிரைகளுக்கு இதனையே தீனியாக இட்டதனால் ஆங்கிலத்தில் இதற்குக் குதிரைப் பயறு என்றே பெயர் நிலைத்தது. மனிதன் உண்டதைக் குதிரைக்குப் பங்கிட்டார்கள். பின்னர் பெயர் குதிரைக்கே உரியதாகி, உண்ட மனிதன் நகைப்புக்கு உரியவன் ஆனான்! தென்பாண்டி நாட்டார் இதனைக் காணம் என்பர். சங்க நூல்களில் காணம் என்ற சொல் பொன்னையும் குறிக்கும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இப்படி நகைப்புக்கு ஆளானவர் நாம் மட்டும் அல்லர். ஆங்கில அகராதி தொகுத்த டாக்டர் ஜான்சன், 1755இல் ஓட்ஸ் என்ற தானியத்துக்குப் பொருள் எழுதும்போது, இங்கிலாந்தில் அது குதிரைக்கு இடப்படுவது, ஸ்காத்லாந்திலோ மக்களுக்கு உணவாவது என்று குத்தலாக எழுதிவைத்தார். ஸ்காத்லாந்தின் குளிர்ந்த, ஈர மண்ணில் கோதுமை செழிப்பதில்லை, ஓட்ஸ் செழிக்கும். கொங்கு நாட்டுக் காட்டில் நெல் வராது, கொள்ளு வரும். அது கடைசி மழையில் விதைத்தாலும் பனி ஈரத்திலேயே காய்த்துவிடும். தான் நின்ற மண்ணுக்கும் உரமூட்டும்.

சமைக்கும் முறையில் சிக்கனம் ஒன்று உண்டு. கொள்ளை வறுத்து வேகவைத்து நீரை வடிப்பார்கள். அந்நீர் புளியும் மிளகும் பூண்டும் சேர்ந்து ரசமாகும். வெந்த பயறு சீரகம், கொத்தமல்லி, சின்ன வெங்காயத்துடன் பருப்பாகும். ஒரே கொதியில் இரண்டு வேளைக்கு வழி.

சந்தகையைப் பற்றியும் ஒரு சொல். சந்தவை என்றும் சொல்வார்கள். இதனை இடியாப்பம் என்று வெளியூரார் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சினம் வரும். இடியாப்பம் மாவைப் பிழிந்து அவிப்பது. சந்தகை அரைத்த அரிசி மாவை முதலில் அவித்து, சூடு ஆறுமுன் பிழிவது. ஆறினால் இறுகிவிடும், ஆதலால் ஒருவர் எடுத்து இட, மற்றொருவர் தம் உடற்பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துவார். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் அதற்குத் துணை.

வெளியூராரை எல்லாவற்றினும் திடுக்கிடச் செய்வது ஈசல். முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து புறப்படும் ஈசலைப் பிடித்து, சிறகு நீக்கி வறுத்து, பொரியோடு கலந்து உண்பது தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் வழக்கம்; கொங்கு நாட்டிலும் உண்டு. இதனை நாகரிகமற்ற பழக்கம் என்போர் புறநானூற்றின் 119ஆம் பாட்டைப் பார்க்கவேண்டும். வள்ளல் பாரியின் நாட்டு வளத்தைப் பாட வந்த கபிலர், அங்கே புற்றீசலை மோரிலிட்டுச் சமைத்த புளிங்கறியையும் குறிப்பிடுகிறார். பாரி இறந்தபின் அவனுடைய நாட்டை எண்ணி ஏங்கிப் பாடிய பாட்டு அது.

நாணம் வந்த வழி இப்போது விளங்கும். 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. கவலைக்குப் பதிலாக மின்னிறைப்பான் தோட்டங்களில் ஓடலாயிற்று. 1955இல் கீழ்பவானித் திட்டம் முடிந்து, 2 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வாய்க்கால் நீரைக் கண்டது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. பசித்தவருக்கு அரிசி கிடைத்ததை யார் குறை கூறுவார்? ஆனால் அரிசி எட்டிய வீட்டில் களிக் கிண்டும் துடுப்பு மூலைக்குப் போயிற்று. கம்பும் கொள்ளும் ஏழ்மையின் அடையாளம் என்றாயின. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, அதே கம்பங்கூழை நகரத்து உணவுச்சாலைகளில் விலை கொடுத்து வாங்கினோம்.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பையூர் 1, பையூர் 2 என்ற கொள்ளு இரகங்கள் இன்று உழவர் கைக்கு வந்துள்ளன. ஐப்பசியில் விதைத்து, தை மாதத்தில் செடியோடு பிடுங்கிக் களத்தில் அடித்துத் தூற்றுவார்கள். பயறு வீட்டுக்கு, பொட்டு மாட்டுக்கு.