துறை அணியா, தொழில்முறை அணியா? பெரியகுளம் கூடைப்பந்துப் போட்டியும் தமிழக வீரர்களின் வாழ்வாதாரமும்

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடை விடுமுறைக் காலமான மே மாதத்தில் அகில இந்திய கூடைப்பந்தாட்டப் போட்டி நடைபெற்று வருகிறது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இப்போட்டியில் வெற்றி பெறும் அணிக்கு பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பை வழங்கப்படுகிறது. 60 ஆண்டுகளைக் கடந்த இப்போட்டி, தென்னிந்தியாவின் பழமையான கூடைப்பந்துப் போட்டிகளுள் ஒன்றாகும். ஆட்டங்கள் மின்னொளியில் நடைபெறும். பெரியகுளத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மட்டுமின்றி, தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பகுதிகளிலிருந்தும் ஆர்வலர்கள் வருவர்.

இங்கு விளையாடிய அணிகளின் பெயர்கள் கவனிக்கத்தக்கவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்திய இராணுவம், இந்தியக் கடற்படை, இந்திய விமானப்படை, வருமான வரித்துறை, ஐ.சி.எஃப்., விஜயா வங்கி, கேரள மின்வாரியம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் ஒன்றுகூட ஒரு நகரத்தின் பெயரையோ தனியார் உரிமையாளரின் பெயரையோ தாங்கியதன்று. அனைத்தும் அரசு அல்லது பொதுத்துறை நிறுவனங்கள். இவை பேச்சு வழக்கில் 'டிபார்ட்மென்ட் டீம்' எனப்படும் துறை அணிகள். களத்தில் பந்தைக் கூடைக்குள் போடுபவர், பணிப் பதிவேட்டில் எழுத்தராகவோ படைவீரராகவோ ரயில்வே ஊழியராகவோ இருப்பார்.

தொழில்முறை அணிகள் தமிழகத்துக்கு வந்தபின், எந்த முறை சிறந்தது என்ற விவாதம் வலுத்தது. எந்த வீரரைச் சேர்ப்பது, எந்தப் பயிற்சியாளரை நீக்குவது என்பவை இவ்விவாதத்தின் மேற்பரப்பு மட்டுமே. அதன் அடியில் இருப்பது வாழ்வாதாரக் கேள்வி: ஆட்டக்காரருக்கு யார் ஊதியம் தருவது? எத்தனை ஆண்டுகளுக்குத் தருவது?

கூடைப்பந்து தமிழகத்துக்கு வந்த வழி

கூடைப்பந்தாட்டத்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவாக்கினார். அவர் அப்போது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அதே அமைப்பின் வழியாகவே இவ்விளையாட்டு இந்தியாவுக்கும் வந்தது. 1920-இல் எச்.சி. பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்றவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களாகப் பல ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்றபோது கூடைப்பந்தும் அவர்களுடன் சென்றது. ஒரு சிமெண்டுத் தளமும் இரண்டு கம்பங்களும் இருந்தால் போதும் என்பதால், சிற்றூர்ப் பள்ளிகளிலும் இவ்விளையாட்டு வேரூன்ற முடிந்தது.

தேசிய ஆடவர் போட்டி 1934-இல் டெல்லியில் தொடங்கியது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-இல் அமைக்கப்பட்டது. இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவில்.

துறை அணிகள் தோன்றிய காரணம்

அக்காலத்தில் ஒலிம்பிக் விளையாட்டுகளில் பணத்துக்காக ஆடாதவர்களே பங்கேற்க முடியும் என்ற விதி இருந்தது. ஆட்டத்துக்கு நேரடியாக ஊதியம் பெற்றால் தகுதி போய்விடும். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை ஊதியமின்றி எத்தனை ஆண்டுகள் ஆட முடியும்? இந்தச் சிக்கலுக்கு இந்தியாவில் கிடைத்த விடையே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. சோவியத் ஒன்றியத்திலும் இராணுவம் முதலிய அமைப்புகளின் பெயரில் அணிகள் இருந்தன. வீரருக்கு ஊதியம் அந்த அமைப்பின் பணியிலிருந்து வந்தது.

தமிழகத்தில் தென்னக ரயில்வே, 1955-இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப்., 1969-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை வீரர்களைப் பணியில் அமர்த்தின. பணியில் சேர்ந்தவருக்குப் பயிற்சிக்கு நேரமும், போட்டிகளுக்குச் சிறப்பு விடுப்பும் கிடைக்கும். விளையாட்டு வாழ்க்கை 35 வயதுக்குள் முடிந்தாலும், ஓய்வு பெறும் வயது வரை ஊதியம் நிற்காது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இம்முறையின் வலிமைக்குச் சான்று. தென்னக ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே நெடுங்காலம் இந்திய மகளிர் அணிக்கு ஆடினார். அணியின் தலைவராகவும் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் தென்னக ரயில்வே ஊழியராக இருந்தபோதே ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வு முகாம்களிலும் பங்கேற்றார். வேலை என்ற அடித்தளம் இருந்ததால் வெளிநாட்டு முயற்சி தோற்றாலும் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. தேசியப் போட்டியில் இந்திய ரயில்வே தனி அணியாக ஆடுகிறது. எனவே ரயில்வேயில் சேர்ந்த தமிழக வீராங்கனை, அங்குத் தமிழக அணிக்கு எதிராகவே ஆட நேரும். மாநிலச் சங்கம் வளர்த்த வீரரைத் துறை எடுத்துக்கொள்கிறது என்ற மனக்குறை பல மாநிலங்களில் நெடுநாளாக உள்ளது. நிரந்தர வேலை கிடைத்தபின் சிலரிடம் உழைப்புக் குறைகிறது என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இடங்களும் மிகச் சிலவே.

உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா 1989-இல் தொழில்முறை வீரர்களையும் அனுமதித்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் ஆடினர். துறை அணி முறைக்குக் காரணமாக இருந்த பழைய விதி அத்துடன் மறைந்தது. ஆனால் இந்தியாவில் துறை அணிகள் மறையவில்லை. விதி மாறினாலும் வயிற்றுப்பாடு மாறவில்லை என்பதே அதன் பொருள்.

தொழில்முறை அணிகளின் வருகை

மாற்றம் முதலில் கால்பந்தில் தெரிந்தது. 1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது, சென்னையின் இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. அடுத்த ஆண்டு கேரளத்தில் எஃப்.சி. கொச்சின் என்ற தொழில்முறைக் கழகம் உருவாகி, அதே 1997-இல் டூரண்ட் கோப்பையையும் வென்றது. சில ஆண்டுகளிலேயே பணநெருக்கடியால் அக்கழகம் மறைந்தது.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அதில் சென்னையின் எஃப்.சி. 2015, 2017–18 ஆகிய இரு பருவங்களில் கோப்பையை வென்றது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஆனால் 2020–21 பருவத்துக்குப் பின் அவ்வணி ஐ-லீக்கில் இல்லை. பட்டம் வென்று இரண்டே ஆண்டுகளில் ஓர் அணி களத்திலிருந்து விலகியது.

கூடைப்பந்தில் பாதை இன்னும் கரடுமுரடானது. கூட்டமைப்பு 2010-இல் ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. பலரும் எதிர்பார்த்த தொழில்முறை லீக் அதன் வழியாக விரைவில் வரவில்லை. 2015-இல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் தொடங்கியது. சென்னை ஸ்லாம் அதில் ஓர் அணி. 2017-க்குப் பின் அந்த லீக் தொடரவில்லை. 2022-இல் கூட்டமைப்பின் ஆதரவுடன் தொடங்கிய இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக்கில் சென்னை ஹீட் அணி இடம் பெற்றது.

பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் 2015-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் டாலஸ் அணியால் 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என்.பி.ஏ. அணியால் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. ஆயினும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. உச்சிக்குச் செல்லும் வழி திறந்தாலும் அங்கு நிலைப்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

பயிற்சியாளர் மாற்றம்

துறை அணியில் பயிற்சியாளர் பெரும்பாலும் அதே துறையின் முன்னாள் வீரராக இருப்பார். பணிமாற்றம், பதவி உயர்வு, ஓய்வு ஆகியவற்றால்தான் அவர் மாறுவார். ஒரு தோல்விக்காக மறுநாள் வெளியேற்றப்படுவது அரிது. தொழில்முறைக் கழகத்தில் நிலைமை வேறு. அங்கு மாற்றம் விரைவாகவும் வெளிப்படையாகவும் நிகழும்.

சென்னையின் எஃப்.சி.யின் வரலாறு இதற்கு நல்ல பாடம். முதல் மூன்று பருவங்கள் இத்தாலியின் மார்கோ மாத்தராசி பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் வந்த ஜான் கிரிகோரி 2017–18 பருவத்தில் கோப்பையை வென்று தந்தார். அடுத்த பருவத்தில் அதே கிரிகோரியின் கீழ் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி இடத்துக்குச் சென்றது. 2019 டிசம்பரில் ஓவன் காயில் பொறுப்பேற்றார். பட்டியலின் அடியில் கிடந்த அணி அதே பருவத்தில் இறுதியாட்டம் வரை சென்று, ஏ.டி.கே. அணியிடம் 3–1 எனத் தோற்றது. பயிற்சியாளரை மாற்றினால் பலன் உண்டு என்பவர்கள் இதையே எடுத்துக்காட்டுவர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2020–21-இல் சாபா லாஸ்லோ, 2021–22-இல் போசிதார் பாந்தோவிச், 2022–23-இல் தாமஸ் பிர்தாரிச் என ஆண்டுக்கு ஒருவர் வந்தனர். மூன்று பருவங்களிலும் அணி பெற்றது ஒரே 8-ஆம் இடம். எனவே பயிற்சியாளர் மாற்றம் மட்டுமே மருந்தாகாது என்பவர்களுக்கும் சான்று இதே அணியில் கிடைக்கிறது.

2022 பிப்ரவரியில் பாந்தோவிச் நீக்கப்பட்டபோது, எஞ்சிய ஆட்டங்களுக்கு இடைக்காலப் பொறுப்பேற்றவர் சபீர் பாஷா. அவர் முன்பு இந்தியன் வங்கி அணியில் ஆடி, இந்திய அணிக்கும் ஆடியவர். தொழில்முறைக் கழகம் நெருக்கடியில் கைநீட்டியபோது, பிடித்துக்கொள்ளக் கிடைத்த கை துறை அணி வளர்த்த கை.

கூடைப்பந்திலும் இத்தகைய கலப்பு உண்டு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஃபீபா ஆசியக் கோப்பையில் இந்திய ஆடவர் அணி சீனாவை 65–58 என வென்றது. பயிற்சியாளர் ஸ்காட் பிளெமிங் அமெரிக்காவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். அணித் தலைவர் விசேஷ் பிருகுவன்ஷி ஓ.என்.ஜி.சி. ஊழியர். புதிய பயிற்சிமுறையும் பழைய வேலைப் பாதுகாப்பும் ஒன்றுசேர்ந்தபோது கிடைத்த வெற்றி அது.

எது நிலையானது?

முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாய்கிறது. அந்நீர் பாயும் இருபோக நிலத்துக்கும், மழையை மட்டும் நம்பும் மானாவாரி நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்பகுதியினர் அறிவர். துறை வேலை வாய்க்கால் பாசனம் போன்றது. ஒப்பந்தம் மானாவாரி போன்றது. நல்ல மழை பெய்தால் மானாவாரியிலும் விளைச்சல் உண்டு. ஆனால் மழை பொய்த்த ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பதே கேள்வி.

வாய்க்காலும் வற்றாதது அன்று. மகிந்திரா யுனைடெட் 2010-இலும், ஜே.சி.டி. 2011-இலும் தங்கள் கால்பந்து அணிகளைக் கலைத்தன. இவை நிறுவனங்கள் நடத்திய அணிகளே. அரசுத் துறைகளிலும் மாற்றங்கள் வருகின்றன. பெரியகுளத்தில் ஆடிய விஜயா வங்கி 2019 ஏப்ரல் 1 அன்று பரோடா வங்கியுடன் இணைக்கப்பட்டது. பழைய பெயர் மறைந்தது. ஆயினும் அங்குப் பணியிலிருந்த வீரரின் வேலை இணைப்பால் மறைந்துவிடவில்லை.

இதனுடன் 2025 நிகழ்வை ஒப்பிடலாம். உரிமை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் எழுந்த சிக்கலால், இந்தியன் சூப்பர் லீக்கின் 2025–26 பருவம் ஜூலை மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதமே பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தை நிறுத்தி வைத்தது. நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடியவர்களே அடுத்த மாதச் சம்பளம் தெரியாமல் நின்றனர்.

தொழில்முறை லீக்குகள் தேவையில்லை என்பது இதன் முடிவன்று. தரமான பயிற்சி, இளையோர் அணிகள், வெளிநாட்டு அனுபவம் ஆகியவற்றை அவை கொண்டுவந்தன. அரசு வேலைக்குச் செல்ல விரும்பாத திறமையாளருக்கும் வழி வேண்டும். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளைப் பழைய காலத்து வழக்கம் என்று ஒதுக்குவதும் சரியன்று. திறமையான விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் அளிக்கப்படும் 3 விழுக்காடு இடஒதுக்கீடு அத்தேவையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

பெரியகுளத்தில் ஆட்டம் பார்க்கும் பள்ளி மாணவர் ஒருவர் கூடைப்பந்தையே வாழ்வாக எடுத்துக்கொள்ள விரும்பினால், புதிய லீக் எத்தனை இலட்சம் தரும் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. லீக் நின்றால் என்ன ஆகும், காலில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள், 35 வயதுக்குப் பின் என்ன வேலை என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை எழுதிய ஒப்பந்தத்துடன் ஒரு தொழில்முறை லீக் தமிழகத்தில் அமையும் நாளில், துறை அணியா தொழில்முறை அணியா என்ற விவாதத்துக்கே தேவை இராது. அதுவரை, பெரியகுளத்துக்கு வரும் அணிகள் வங்கிகளின் பெயரிலும் படைகளின் பெயரிலும் வருவதற்குக் காரணம் இருக்கிறது.