மௌனம் சம்மதமாகுமா?

சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்குச் செல்வோர், ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். அந்தச் சேர்வராயன் மலையிலே பிறக்கும் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பகுதிகளை நனைத்துத் தென்பெண்ணையில் கலக்கின்றது. அரூருக்கு அப்பால் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர். இவ்விரு மலைகளிலும் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தாரென எண்ணுதல் பிழை; காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்பதே அவர்தம் வழிவழிக் கதை. ஏற்காட்டின் அழகை அறிந்த நாம், வாச்சாத்தியின் துயரையும் அறிதல் கடனாகும்.

“மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி” என்பார் பெரியோர். நம் இல்லத் திருமணங்களில் வக்கீலும் இரு சாட்சிகளும் மணப்பெண்ணிடம் சென்று சம்மதம் கேட்கின்றனர். நாணத்தால் அவள் தலைகுனிந்தால், அதனை இசைவெனக் கொள்கின்றோம். அங்கே சுற்றி நிற்போர் அவளுடைய அன்பர். மறுக்க நினைத்தால் மறுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. ஆனால் நள்ளிரவில், காவல் நிலையத்தில், அதிகாரம் படைத்தவர் முன் நிற்கும் ஏழைப் பெண்ணின் மௌனத்திற்கு என்ன பொருள்? இவ்வினாவிற்கு நேரிய விடை காண நம் நாட்டுச் சட்டத்திற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 375-ஆம் பிரிவில் வன்புணர்ச்சியை வரையறுத்தது. “விருப்பத்திற்கு மாறாக” என்பதையும் “சம்மதமின்றி” என்பதையும் அது தனித்தனியே வைத்தது. உறங்குபவளும் மயங்கிக் கிடப்பவளும் மறுத்துரைக்க இயலாது. ஆயினும் அவர்கள் இசைந்தாரில்லை. மரணத்திற்கோ காயத்திற்கோ அஞ்சித் தந்த இசைவும், கணவனென நம்பவைத்துப் பெற்ற இசைவும் இசைவல்ல என்றது சட்டம். இளஞ்சிறுமியின் இசைவும் செல்லாது. அந்த வயது வரம்பு அன்று 10, 1891-இல் அது 12 ஆயிற்று, இன்று 18.

ஏட்டில் இத்துணைத் தெளிவு இருந்தும், நீதிமன்றத்தில் நிலை வேறாயிருந்தது. சம்மதமில்லை என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவும் பொறுப்பு வழக்குத் தொடுப்போரைச் சார்ந்தது. உடலில் காயம் உண்டா? கூக்குரல் எழுப்பினாளா? அவள் ஒழுக்கம் எத்தகையது? குற்றவாளியை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளையே விசாரணைக் கூண்டில் ஏற்றிய வினாக்கள் இவை.

1972-இல் மகாராஷ்டிர மாநிலம் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவலரால் சீரழிக்கப்பட்டாள். மதுரா வழக்கெனப் பெயர்பெற்ற அவ்வழக்கில், காயமில்லை, எதிர்ப்பின் அடையாளமில்லை எனக் காட்டி, உச்ச நீதிமன்றம் 1978-இல் காவலர் இருவரையும் விடுவித்தது. அதே ஆண்டில் ஐதராபாத்தில் நம் சமுதாயப் பெண்ணொருத்தி காவலரால் கெடுக்கப்பட்டாள். நீதி கேட்ட கணவரோ அடியுண்டு மாண்டார். நகரமே கொதித்தெழுந்தது. நீதிபதி முக்தாதர் ஆணையம் காவலர் மீது குற்றம் கண்டது. எனினும் வேற்று மாநிலத்திற்கு மாற்றப்பட்ட வழக்கில் அவர்கள் தண்டனையின்றித் தப்பினர்.

மதுரா வழக்கின் தீர்ப்பை எதிர்த்து, உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அடங்கிப்போவது வேறு, இசைவது வேறு என்பதே அம்மடலின் உயிர்நாடி. இசைவில் அடங்கல் இருக்கலாம். அடங்கல் எல்லாம் இசைவாகாது. நாடெங்கும் பெண்கள் இயக்கம் எழுந்தது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலரோ அரசு ஊழியரோ தம் காவலிலுள்ள பெண்ணைக் கெடுத்த வழக்கில், உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டு, “நான் இசையவில்லை” என அவள் கூறினால், நீதிமன்றம் அதனையே அனுமானமாகக் கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை தோள் மாறியது.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வாச்சாத்தியைச் சூழ்ந்தனர். ஆடவர் பலர் மலைக்கு ஓடினர். எஞ்சியோரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுசென்று சீரழித்தனர். பெண்களையும் குழந்தைகளையும் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்துப் பின் சேலம் சிறையில் அடைத்தனர். எந்த மலைக்கு நாம் இளைப்பாறச் செல்கின்றோமோ, அம்மலையடி நகரிலேதான் அவர்கள் சிறையிருந்தனர்.

உடனே முறையிடவில்லையே என்று கேட்டோர் உண்டு. யாரிடம் முறையிடுவது? புகாரைப் பெற வேண்டியவரே கொடுமை புரிந்தவராயின், வாய் எங்ஙனம் திறக்கும்? அம்மௌனம் அச்சத்தின் மௌனம். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். மார்க்சிஸ்ட் தலைவர் நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். 1995-இல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கை ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பெற்றோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். அவருள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்திற்குத் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டில், நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரிற் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதிசெய்து, பதினெட்டுப் பெண்களுக்கும் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார். முப்பத்தோராண்டு காத்திருந்த நீதி அது.

இதற்கிடையே சட்டமும் வளர்ந்தது. பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்துச் சாட்சியத்தைத் தகர்க்க இடந்தந்த விதி 2003-இல் நீக்கப்பட்டது. 2013-இல் சம்மதம் என்பதற்கே விளக்கம் தரப்பட்டது: சொல்லாலோ குறிப்பாலோ ஐயமின்றி வெளிப்படுத்தும், தன்விருப்பான உடன்பாடே சம்மதம், உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே கொண்டு இசைந்தாள் எனக் கருதலாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும் இவ்விளக்கத்தையே ஏற்றுள்ளது.

ஆகவே, பழமொழியைச் சற்றே திருத்திக்கொள்வோம். மறுக்கும் உரிமை உள்ள இடத்தில்தான் மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி. அவ்வுரிமை பறிக்கப்பட்ட இடத்தில் அது அநீதிக்குச் சாட்சி. நம் பெண்மக்களுக்குச் சீர்வரிசை சேர்க்கும் பெற்றோர், “வேண்டாம்” என்று அஞ்சாது சொல்லும் உரிமையையும், சொன்னால் நம்புவோம் என்னும் உறுதியையும் சேர்த்தளிக்க வேண்டும். ஆண்மக்களுக்கோ, கேட்டறியாத இசைவு இசைவன்று என்பதை இளமையிலேயே கற்பிக்க வேண்டும். வாச்சாத்தியின் பதினெட்டுப் பெண்கள் முப்பத்தோராண்டு போராடி நமக்கு அளித்த பாடம் இது.